பதினாலு நாள் பேசாத சட்டிகள்

மண் சோதனை என்றதும் கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் எங்கள் கொட்டகையைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். எங்கள் தொழில், சட்டியில் விதையைப் போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பது.

ஐம்பதுகளின் பின்பாதி. பத்திரிகை வேலைக்கு நான் வருவதற்கு முன்னால். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், அருவிக்கு ஒரு மைல் இருக்கும்போது, வயலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. புது உரங்களும் பூச்சிமருந்துப் பொடிகளும் ஊர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம். எந்தப் பொடி எவ்வளவு மண்ணில் கலந்தால் நாற்று தாங்கும், எவ்வளவில் படுத்துவிடும் என்று பார்த்து எழுதுவதற்காக அரசாங்கம் போட்ட கொட்டகை. நாலு பெஞ்சு, அவற்றின் மேல் வரிசையாகக் கையகல மண்சட்டிகள். ஒரு ஆபீசர், அளந்து குறிப்பெடுக்க நான், தண்ணீர் ஊற்றப் பொன்னுத்தாய். அவ்வளவுதான் இலாகா.

காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை எழுதிவிட்டு, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் கடிதத்துக்காக, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்று எங்கேயாவது நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். நாங்கள் அதைச் சம்பளத்துக்குச் செய்தோம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கிக் கொட்டகைக்குள் புகும். தகரத்தில் மழை விழுகிற சத்தமே இருக்காது. ஆனால் மேஜையும் காகிதமும் சட்டை முதுகும் நனைந்திருக்கும். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது அருவி இரையும். திரும்பிப் போனால் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் நூறு சட்டிகளோடு தனியாக உட்கார்ந்திருப்பது, முதல் வாரம் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கிட்டப் போனால் தெரிகிறது

பொன்னுத்தாய்க்கு நாற்பது வயது இருக்கும். மேலகரத்திலிருந்து நடந்து வருவாள். பூவாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போகிறவள், சில சட்டிகளுக்கு முன்னால் மட்டும் நின்றுவிடுவாள். நெற்றி சுருங்கும். முந்தானையை மூக்கோரம் இழுத்துக்கொள்வாள். "இது வராது அய்யா" என்பாள். விதை போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மண்ணுக்கு மேலே பார்க்க ஒன்றுமே இருக்காது.

முதலில் சிரித்தேன். பிறகு, ஒரு வரிசைக்கு அவள் 'வராது' என்று சொன்ன சட்டிகளின் எண்களை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பதினாலாம் நாள் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தச் சட்டியில் என்ன கலந்திருக்கிறது என்பது எனக்கே தெரியாது. ஆபீசர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பார். சட்டிகளில் சொருகிய எண் தகடுகளை அவரே இடம் மாற்றுவார். விவரத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி மேஜைக்குள் வைத்துவிடுவார். பொன்னுத்தாய்க்கு எழுத்தும் தெரியாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, கிட்டப் போனால் தெரிகிறது, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை என்றாள்.

பக்கத்து வயல்காரர்கள் காதில் இது விழுந்துவிட்டது. ஒரு நாள் காலையில் வேலிக்கு வெளியே ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட கைப்பிள்ளையோடு நின்றாள். சோதனைக்கு மண் கொண்டுவரவில்லை. பொன்னுத்தாய் வந்து பிள்ளையை ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டுமாம், அவ்வளவுதான். பொன்னுத்தாய் கடைசிப் பெஞ்சுக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டாள், அந்தப் பெண் போகிற வரை வெளியே வரவில்லை. அன்றுதான் ஆபீசர் சட்டம் போட்டார்: விதை போட்ட நாளிலிருந்து பதினாலு நாள் முடிகிற வரை எந்தச் சட்டியைப் பற்றியும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அளக்கிறவன் காதில் ஒரு சொல் விழுந்தால் அவன் கையில் இருக்கிற அளவுகோல் வளைந்துவிடும் என்பது அவர் கட்சி. அது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பொன்னுத்தாய் தலையை ஆட்டினாள்.

"சரிங்கய்யா. மொதல்ல சட்டி பேசட்டும். பொறவு நான் பேசுதேன்."

ஒரு பாய் அகலத்துக்கு

ஆனி பிறந்து சில நாள் கழித்து வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். நெல்லும் பருத்தியும் வைத்திருந்த குடும்பம். கோவில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அவர்களுடையது. துணிப்பையில் மண் கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

சித்திரையில் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கடையம், பெயர் கோமதி. அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. புது மருமகள் வந்த பிறகு போடுகிற முதல் நாற்றங்காலில் முதல் பிடி விதை அவள் கையால் விழ வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து சீரோடு கொண்டுவந்த ஓலைப்பெட்டியில் முளைகட்டிய நெல்லை அள்ளிக்கொண்டு அவள் ஈசான மூலையில் இறங்கித் தூவுவாள். மீதியை ஆட்கள் தூவுவார்கள். வைகாசிக் கடைசியில் அப்படியே நடந்தது. ஆறாம் நாள் நாற்றங்கால் முழுக்கப் பச்சை. ஈசான மூலையில் மட்டும், ஒரு பாய் விரித்த அகலத்துக்கு, பச்சை இல்லை. ஒன்றுமே முளைக்காமல் இருந்திருந்தால் குருவி தின்றுவிட்டது என்று விட்டிருப்பார்கள். முளைத்திருந்தது. கட்டையாக, வெளிறி, இலை விரியாமல். அவர் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாம். சேற்றுக்குள்ளே யாரோ கிடந்துகொண்டு விரலை நீட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாராம்.

ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் போய் அழைத்து வருவார்கள். போகாமல் இருந்துவிட்டால் போதும். யாரும் யாரையும் தள்ளிவைத்ததாகச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பேச்சு வீட்டுக்குள் தொடங்கியிருந்தது. ராசியில்லாத கை என்று மனைவி பக்கத்து உறவுகள் சொல்லிவிட்டன. மகன் வாயே திறக்கவில்லை. அண்ணாச்சிக்கு அந்தப் பெண்ணின் மேல் பிரியம் இருந்தது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அந்த மூலையில் ஏதோ கெடுதல் இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை வீட்டில் காட்டிவிடுவார். எழுதிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சோதித்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்.

"மண்ணுதான்னு வந்துட்டா, வெட்டி ஓடையில கொட்டிட்டு வேற மண்ணு அடிச்சிருவேன் தம்பி. கையின்னு வந்துட்டா நான் என்ன செய்ய?"

வீட்டில் போட்ட மாதிரியே

எங்கள் பதிவேட்டில் 'கை' என்று ஒரு பத்தி கிடையாது. ஆனால் ஆபீசர் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். மண்ணை மட்டும் சோதித்து, மண்ணில் குற்றமில்லை என்று வந்துவிட்டால், சோதிக்காமலே கையின் மேல் பழி விழுந்துவிடும்; ஆகவே இரண்டையும் சோதிப்போம். இருபது சட்டி. பத்தில் எங்கள் தோட்டத்து நல்ல மண், பத்தில் அந்த ஈசான மூலை மண். இரண்டிலும் பாதிப் பாதி அந்தப் பெண் விதைக்க வேண்டும், மீதியை நான். விதை ஒன்றே, நாங்கள் முளைகட்டியது.

ஆடி முதல் வாரத்தில் கோமதி அவள் அப்பாவோடு கடையத்திலிருந்து வந்தாள். பத்தொன்பது, இருபது வயது. வந்ததிலிருந்து இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது அவள் அப்பா தம்ளரை அவள் கையில் தராமல் பெஞ்சில் வைத்ததையும் பார்த்தேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி வாசுதேவநல்லூரிலிருந்து அந்த ஓலைப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்திருந்தார். வீட்டில் எப்படிப் போட்டாளோ அப்படியே போட வேண்டும், ஒன்று மாறினாலும் நாளைக்கு வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவள் பங்கு விதையைப் பெட்டியில் கொட்டினோம். என் பங்கு எனாமல் தட்டில் இருந்தது. சட்டிக்கு இருபது விதை. அவள் ஒவ்வொன்றாக எண்ணி, யாருக்கோ மருந்து ஊட்டுகிற மாதிரிப் போட்டாள்.

அப்போது பூவாளியோடு வந்த பொன்னுத்தாய் நின்றாள். நெற்றி சுருங்கியது. முந்தானை மூக்குக்குப் போயிற்று. பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் காதில் 'வராது' என்ற சொல் விழுந்துவிடக் கூடாதே என்று நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பொன்னுத்தாய் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் விடத் தொடங்கினாள். ஆபீசர் எல்லோரையும் வெளியே அனுப்பி, தகடுகளை மாற்றி, உறையை ஒட்டினார். பெட்டியை அண்ணாச்சி பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார். பதினாலு நாள் ஆகும், அதுவரை இதைப் பற்றி யாரும் பேச மாட்டோம் என்று கோமதியிடம் விளக்கினேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுலயும் அப்படித்தான் அய்யா, ஒருத்தரும் பேசமாட்டேங்காவ. ஆனா எத்தன நாளுன்னு அங்கன யாரும் சொல்லல."

அடுத்த பெஞ்சில்

அந்த இருபது சட்டிக்கு அடுத்த பெஞ்சில் அதே சமயம் இன்னொரு வரிசை இருந்தது. இலஞ்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த மண். தோப்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தென்னங்கன்று வைக்கலாமா, அந்த மண்ணில் ஏதாவது வருமா என்று தெரிய வேண்டும் என்றார். மண் கறுத்து, இலேசாக இருந்தது. என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். உரமா, பொடியா? இரண்டும் இல்லை என்றார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் சொன்னார்: போன வருஷம் சம்சாரத்தை அங்கேதான் எரித்தது.

சாம்பலுக்கு என்ன குணம் என்று எங்களுக்குப் பாடமாகவே தெரியும். தெரிந்து என்ன? அந்த நாற்றுகள் கொட்டகையில் எதுவும் வளராத உயரத்துக்கு வளர்ந்தன. கரும்பச்சையாக, நெருக்கமாக, சாரல் காற்றில் மற்றதெல்லாம் படுத்துக் கிடந்தபோதும் படுக்காமல் நின்றன. நான் அளவுகோலை வைக்கும்போது ஒவ்வொரு தரமும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனேன், ஏன் என்று ஆபீசரும் கேட்கவில்லை. முடிவு தெரிய வந்த அந்த மனிதர் சட்டிகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தென்னை வைக்கலாம், நன்றாக வரும் என்றோம். அவர் தலையை அசைத்தார். வைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

"உசிரோட இருந்தப்ப ஒருநாளும் இப்படி என் முன்னால நிமிந்து நின்னதில்ல அய்யா."

உறை பிரித்த நாள்

இருபது சட்டிக்கு வருகிறேன். நாலாம் நாள் பத்துச் சட்டிகளில் பச்சை தெரிந்தது. மற்ற பத்தில் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது அந்தப் பத்திலும் வந்திருந்தது. அண்ணாச்சியின் மனைவி சொன்னது மிகையே இல்லை. குழந்தையின் விரல் கனத்துக்கு, நுனி மழுங்கி, வெளிறி, மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன். வேர் கீழே இறங்காமல் நுனி உருண்டு, தீக்குச்சித் தலை மாதிரி வீங்கியிருந்தது.

இன்னொன்று. எல்லாம் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. காலையில் நான் கதவைத் திறக்கும்போது அத்தனை விரலும் என்னைச் சுட்டிக்கொண்டிருக்கும். சட்டியைத் திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் வாசலைப் பார்த்தன. வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதனால்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பின்வாசல் வழியாக வரத் தொடங்கினேன். பொன்னுத்தாய் அந்த நாட்களில் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். சாரலில் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

பதினாலாம் நாள் அண்ணாச்சி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, ஆபீசர் உறையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். விரல் முளைத்த பத்தும் கோமதி போட்டவை. ஐந்து ஈசான மூலை மண். ஐந்து எங்கள் தோட்டத்து நல்ல மண். நான் போட்ட பத்தும் பச்சை, அந்த மூலை மண்ணிலும்கூட. வாசித்து முடித்த பிறகு ஆபீசர் தாளை மடிக்கவில்லை, மறுபடி மேலிருந்து பார்த்தார். அண்ணாச்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மீந்திருந்த மண் பைக்குள் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து, பார்த்து, மறுபடி உள்ளே விட்டார்.

"மண்ணு பாவம் தம்பி. அது மேலல்லா சந்தேகப்பட்டுட்டேன்."

வாயைத் திறக்கலாமா

அவர் பஸ் போன பிறகு ஆபீசர் பதிவேட்டைத் திறந்தார். 'காரணம்' என்ற பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மை ஒரு புள்ளியாக ஊறியது. இருபது வருஷம் படித்துத் தேறிய மனிதர், ஒரு பெண்ணின் கை என்று எழுத வேண்டிய நிலைக்கு வந்திருந்தார். அப்போது பொன்னுத்தாய் கதவோரம் வந்து நின்று, பதினாலு நாள் முடிந்துவிட்டதா, இனிமேல் பேசலாமா என்று கேட்டாள்.

பேசினாள். எங்களிடம் வேலைக்கு வருவதற்கு முன்பு மூன்று வருஷம் ஒரு நெல் கிட்டங்கியில் வேலை பார்த்தவள். அங்கே மூட்டைகளின் மேல் பூச்சி விழாமல் இருக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி தூவுவார்கள். நமுத்துப் போன மூட்டை மாதிரி ஒரு வீச்சம் அடிக்கும். அங்கேதான் அவளுக்குத் தலைவலி வந்தது. வேலையை விட்ட பிறகும், அந்த வீச்சம் நூல் அளவுக்கு இருந்தாலும் அவள் நெற்றியில் குத்தும். 'வராது' என்று அவள் சொன்ன வித்தையெல்லாம் இவ்வளவுதான். எங்கள் கொட்டகையே அந்தப் பொடியின் வாடையில் ஊறிக் கிடந்ததால் எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் அலமாரியைக் காட்டினாள். தொட மாட்டேன் என்றாள். ஓலைப்பெட்டியை இறக்கி, வெள்ளைக் காகிதத்தின் மேல் கவிழ்த்துத் தட்டினேன். பின்னலின் இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தூள் உதிர்ந்தது. முளைகட்டிய ஈர நெல்லை அதில் கொட்டினால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இத்தனையும் விதைத்த அன்றைக்கே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நீங்கதான வெரலக் காட்டுனீங்க அய்யா."

ஒன்றை மட்டும் மாற்றி

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கையையும் பாத்திரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டுக் கைக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தோம். ஆபீசர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. உடனே கடிதம் போடலாம் என்றேன். ஒரு தடவை தப்பாகச் சொல்லியாயிற்று, இனி நிச்சயமில்லாமல் ஒரு சொல்லும் வெளியே போகக் கூடாது என்றார். மறுபடியும் பத்துச் சட்டி. எல்லாவற்றுக்கும் என் கை. ஐந்துக்கு எனாமல் தட்டு, ஐந்துக்கு அந்தப் பெட்டி. மறுபடியும் பதினாலு நாள்.

ஆறாம் நாள், நான் என் கையால் போட்ட விதையிலிருந்து விரல் முளைத்தது. காரணம் எனக்கு முழுதாகத் தெரியும். ஆனாலும் அன்று சாப்பிடும்போது டீக்கடையிலிருந்து ஒரு கரண்டி இரவல் வாங்கினேன். அந்தப் பெண் எத்தனை நாள் அந்தக் கையோடு இருந்தாள் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். ஆவணி பிறந்தது. தென்காசிச் சந்தைக்கு வந்த வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர், அண்ணாச்சி வீட்டில் கடையத்துக்குப் போகவில்லை, சீர்ச் சாமான்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றார். சட்டம் சட்டம்தான். பதினாலாம் நாள் முடிந்து, அளந்து, எழுதிக் கையெழுத்தானதும் நான் பெட்டியோடு வாசுதேவநல்லூருக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி காகிதத்தை வாங்கவில்லை, பெட்டியைத்தான் வாங்கினார். அந்தப் பொடி இதில் எப்படி வந்தது என்று கேட்டேன். வைகாசியில் பருத்திக்கு யாராவது தூவினார்களா? அவர் மனைவி அறைக் கதவருகே வந்து நின்றுவிட்டார். கட்டி வைத்த மூட்டைகள் சுவரோரம் இருந்தன. அண்ணாச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கனமில்லாம, புதுசா, கைக்கு வாகா இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டுப் போனேன். தட்டிட்டுத்தான் திரும்ப வச்சேன்."

சிரட்டைகள்

மறுநாள் இரண்டு பேரும் பெட்டியோடு கடையத்துக்குப் போனோம். கோமதியின் அப்பா எங்களைப் பார்த்ததும், சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து உள்ளே போய்விட்டார். அவள் பின்கட்டில் இருந்தாள். போனோம். சுவரோரமாக வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் கரியால் கோடு போட்டிருந்தாள்; முதலாவதில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு என்று, பதினாலு வரை. எங்கள் கொட்டகைக்கு வந்து போன மறுநாளிலிருந்து தினமும் ஒரு சிரட்டை, அவள் கையால். பதினாலும் பச்சை. ஒரு விரல்கூட இல்லை. குற்றம் கையில் இல்லை என்று எங்களுக்கு வெகு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அண்ணாச்சி நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பருத்தி, பொடி, பெட்டி, தான் எடுத்தது, எதையும் விடவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்படலாம் என்றார். அவள் கையை நீட்டிப் பெட்டியைக் கேட்டாள். முந்தானைக்குள் அந்தக் கை இப்போது ஒளிந்திருக்கவில்லை. பதினைந்தாவது சிரட்டையில் மண்ணைப் போட்டாள். ஊறி முளைகட்டிய நெல் ஒரு சட்டியில் தயாராக இருந்தது. அதில் கொஞ்சம் பெட்டிக்குள் கொட்டிக் குலுக்கினாள். குலுக்கிவிட்டு மாமனாருக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரு பிடி நீங்க போடுங்க மாமா. பதினாலு நாள் ஆகட்டும். அதுவரைக்கும் யாரும் பேசப்படாது."

அவர் போட்டார். பதினாலாம் நாள் முதல் பஸ்ஸில் போய்ச் சிரட்டைக்கு முன்னால் குந்திக்கொண்டு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அன்று மாலை கோமதி அந்தச் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசுதேவநல்லூர் போய்ச் சேர்ந்தாள். அது மாமியாரின் அடுக்களை மாடத்தில், காய்ந்து தூளாகிற வரைக்கும், அடுப்பைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டு இருந்தது என்று கேள்வி.

ஏழு வருஷம் மண்ணையும் பொடியையும் சோதித்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஆடியில் முளைத்த அத்தனை விரல்களைக் காட்டிலும் அதிகம் கெடுத்தது, பொன்னுத்தாயைப் பார்த்து நான் உதட்டில் வைத்த விரல்.